நாலு மணிப் படம்

எங்கள் மதுக்கடைத் தொலைக்காட்சி
தினமும் நாலு மணிக்குச் சுடத் தொடங்கும்.
வெளியே தபெர்னாஸ் பாலைவனம்.
உள்ளேயும் அதுதான், கொஞ்சம் மங்கலாக.

இந்தலேசியோ நாற்காலியைத் திரைக்கு அருகே இழுப்பார்.
"இதில் நான் மூன்று முறை சாகிறேன்" என்பார்
புதிதாக வந்தவர்களிடம்.
காலையில் நீலச் சட்டை,
மதிய ரொட்டிக்குப் பின் சாம்பல் சட்டை.
தன்னைத் தானே சுட்டுக்கொண்ட போர் அது.
சாவுக்கு இருநூறு பெசேட்டா,
குதிரையோடு விழுந்தால் ஐம்பது கூட.
செத்துச் செத்துப் பிழைத்தோம் என்று
மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள்;
இவர் வீட்டுக் கூரையே அந்தக் கணக்கில் போட்டது.

"உதட்டைப் பாருங்கள், உதட்டை!"
இவனைத் தூக்கிலிடு என்று யாருடைய குரலோ கர்ஜிக்கிற இடத்தில்
அவர் உண்மையில் சொன்னது:
"சம்பளம் இன்னும் வரவில்லை, ஹினெஸ்."
கொள்ளை போகும் அந்த வங்கிக்கு
முன்சுவர் மட்டும்தான் உண்டு.
பின்னால் என் மாமா கழுதை கட்டியிருந்தார்.

நான் கோப்பை கழுவிக்கொண்டே பார்ப்பேன்,
முப்பது வருடமாய்.
யார் சாவார், யார் போவார், எல்லாம் தெரியும்,
எந்தக் குதிரை நொண்டும் என்பதுகூட.
தெரிந்தும் ஏன் என்று கேட்கிறாள்
கிரானாடாவில் வக்கீலாயிருக்கும் என் தங்கை.
வாடகை பாக்கியும் முழங்கால் வலியும்
எனக்கு எதிரே வந்து நிற்பதே இல்லை, முதுகில் ஏறிக்கொள்கின்றன;
அங்கேயோ எதிரி வருவான், ஒரே ஒருவன்,
நடுத்தெருவில், முகத்தோடு.
இப்படி ஏதோ சொல்லி வைத்தேன்.
முழுப் பதில் இல்லை அது.

லஹ்சன் வேறொன்று சொன்னான்.
பிளாஸ்டிக் கூடாரங்களில் தக்காளி பறிக்கிறவன்,
நகமெல்லாம் பச்சை.
ஒரு காப்பிக்கு இரண்டு மணி நேரம் உட்காருவான்.
"அந்நியன் ஊருக்குள் வருகிறான், பாருங்கள்.
குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறான்.
அறை கேட்கிறான், சாவி தருகிறார்கள்.
சுடுகிறார்கள், அது வேறு.
ஆனால் ஒருத்தரும் அவனிடம்
காகிதம் கேட்பதில்லை."

இந்தலேசியோ சிரித்தார்.
பிறகு சிரிப்பதை நிறுத்தினார்.

போர்ப் படம் ஓடும் செவ்வாய்க்கிழமைகளில்
லஹ்சன் வருவதில்லை.
அவன் பூட்டனை இந்த நாட்டுச் சண்டைக்கு
மலையிலிருந்து இறக்கிக் கப்பலேற்றினார்களாம்.
எந்தப் பக்கம் சுடுவது என்று சொன்னார்கள்,
எதற்கு என்று சொல்லவில்லை.
அவருக்கு ஒரே முறைதான் சாகக் கிடைத்தது.

நவம்பரில் ஒரு வியாழன்.
திரையில் கடைசித் தெரு.
கதவு திறந்தது.
சிவில் கார்டுகள் இருவர், தொப்பியைக் கழற்றாமல்.
திரையில் எல்லாரும் அசையாமல் நின்றார்கள்.
கடையிலும்.
ஒரு ஈ மட்டும் பறந்தது, இங்கேயா அங்கேயா தெரியவில்லை.
மூத்தவர் காப்பி கேட்கத் திறந்த வாய்
திறந்தபடியே மேலே பார்த்தது.
இளையவன் கண்
லஹ்சன் முதுகிலிருந்து மெல்லத் திரைக்கு ஏறியது.
பால் பொங்கி வழிந்தது, நான் அணைக்கவில்லை.

சுட்டார்கள்.
மொட்டைமாடியிலிருந்து விழுந்தார் இந்தலேசியோ,
இருபத்தாறு வயதில், கை விரித்து,
எப்போதும்போல் கொஞ்சம் அதிகமாகவே.
"அது நான்" என்றார் நாற்காலியிலிருந்து.
இளைய கார்டு கைதட்டிவிட்டான்.
"இவன்?" மூத்தவர் லஹ்சனைக் காட்டினார்.
"இவனா? அடுத்த படத்துக்கு வந்திருக்கிறான்.
இன்னும் சாகப் பழகவில்லை."

சிரித்தார்கள். நின்றபடியே குடித்தார்கள்.
அன்றைக்கென்று காசும் கொடுத்தார்கள்.
ஜீப் புழுதி அடங்கும்வரை
லஹ்சன் கோப்பையைத் தொடவில்லை.

திரையில் பெயர்கள் ஏறத் தொடங்கின.
இந்தலேசியோவின் பெயர் எப்போதும் அதில் இருக்காது,
எங்களுக்குத் தெரியும்.
லஹ்சனுக்குத் தெரியாது.
கடைசி எழுத்து மறையும்வரை
தேடிக்கொண்டிருந்தான்.